இருள் சூழும்போது இறைவனின் துணையைப் பற்றிக்கொள்வது எப்படி?

துன்பம் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, உள்ளதை உள்ளபடியே கடவுளிடம் சொல்வதுதான். வேதாகமத்திலுள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான 13-ஆம் சங்கீதத்தில் தாவீது அரசர் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறார். அந்தக் கேள்வியே ஜெபமாக இருக்கும்போது, நாம் அழுகையை அடக்கிக்கொண்டு அழகான சொற்களைத் தேட வேண்டியதில்லை.

பிறகு 23-ஆம் சங்கீதத்தை மெதுவாக, வாய்விட்டு வாசியுங்கள். முதல் 3 வசனங்களில் ‘அவர்’ என்று கடவுளைப் பற்றிப் பேசுகிறவர், மரண இருளின் பள்ளத்தாக்கைச் சொல்லும் 4-ஆம் வசனத்தில் ‘தேவரீர்’ என்று அவரிடமே பேசத் தொடங்குகிறார். பள்ளத்தாக்கு விலகிவிடவில்லை; ஆனால் அங்கேதான் நெருக்கம் கூடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், இரவு 2 மணிக்கு, அம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, ‘நீர் இங்கே இருக்கிறீர்’ என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. அந்த இரவைக் கடக்க அதுவே போதுமாயிருந்தது.

எதையும் உணராத நாட்களும் வரும். உணர்வை அளவுகோலாக்காதீர்கள். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குக் கடவுள் முதலில் அனுப்பியது அறிவுரையன்று, அப்பமும் தண்ணீரும். ஆகவே சாப்பிடுங்கள், உறங்குங்கள், உங்களுக்காக ஜெபிக்கும்படி நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே கேளுங்கள்.