குழாய் மாற்றிய டூ ஸ்ட்ரோக் குவாட்டுக்கு ஜெட் பார்ப்பது

எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் வீங்கிய புகைக்குழாய்) பூட்டிய அன்றைக்கே குவாட்டை (நாலு சில்லு மோட்டார் சைக்கிள்) மணற்காட்டுக்கு ஏற்றிப்போகாதீர்கள். முதலில் காபரேட்டரைத் திறந்து, எஞ்சினுக்குப் போகிற பெற்றோலை அளந்துவிடும் ஜெட்டை (துளையுள்ள சின்னத் திருகு) மாற்றவேண்டும். யாழ்ப்பாணம் கொக்குவிலில் நான் திருத்துகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பிஸ்டன் உருகி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: குழாய் புதிது, ஜெட் பழையது.

சேம்பரின் விரிகிற பகுதி எரிந்த புகையை இழுத்தெடுக்கிறது. ஒடுங்குகிற பகுதியோ வெளியே வழிந்த புதுக் கலவையைத் திருப்பிச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. மேல் ஆர்பிஎம்மில் எஞ்சின் அதிகக் காற்றுக் குடிக்கும், சூடும் ஏறும். பழைய மெயின் ஜெட் (முழுத் திரொட்டிலுக்கான ஜெட்) தருகிற பெற்றோல் அதற்குக் காணாது. பெற்றோலிலேயே ஓயில் கலந்து ஓடுகிற வண்டியில் பெற்றோல் குறைந்தால் ஓயிலும் குறையும். யமஹா பிளாஸ்டர் போல காற்றிலேயே ஆறுகிற 195 சிசி எஞ்சின் இதைத் தாங்காது.

ஜெட்டில் கை வைக்க முன்னர் காற்றுக் கசிவைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஸ்லோவில் விட்டு, இன்டேக் ரப்பரைச் சுற்றிக் காபரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். குழாயில் படக்கூடாது. ஓட்டம் மாறினால் அங்கே கசிகிறது. அதை அடைக்காமல் எந்த ஜெட் போட்டும் பயனில்லை. எயார் ஃபில்டரைக் கழுவி ஓயில் பூசுங்கள். ஓயில் அளவையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். பெற்றோல் 32க்கு ஓயில் 1 என்றால் லீற்றருக்கு 31 மில்லி. பிறகு ஓயிலைக் கூட்டினால் அந்த அளவுக்குப் பெற்றோல் குறையும், பார்த்த ஜெட் பிழையாகிவிடும்.

இனி மெயின் ஜெட். பழையதைவிட இரண்டு மூன்று அளவு பெரியதில் தொடங்கி, அங்கிருந்து இறங்கி வாருங்கள். சின்னதிலிருந்து ஏறக்கூடாது. பெரிய ஜெட்டால் பிளக் கறுக்கும், அவ்வளவுதான். சின்ன ஜெட் பிஸ்டனில் ஓட்டை போடும். முழுத் திரொட்டிலில் எஞ்சின் தடதடவென்று திக்கினால் பெற்றோல் கூடிவிட்டது. ஓர் அளவு குறைத்துத் திரும்ப ஓட்டுங்கள். திக்கல் நின்று சுத்தமாக இழுக்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே ஓர் அளவு இறக்கினால் இன்னும் கூர்மையாகப் பாயும். அந்த இனிமையான சத்தத்தை நம்பவே வேண்டாம், உருகுவதற்குச் சற்று முன்னால் எஞ்சின் அப்படித்தான் பாடும்.

காதை மட்டும் நம்பாமல் பிளக்கையும் பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி, புதுப் பிளக் பூட்டி, சனம் இல்லாத நேர்ப்பாதையில் முழுத் திரொட்டிலில் கொஞ்சத் தூரம் ஓடி, கிளட்சையும் எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்சையும் ஒரேநேரத்தில் பிடித்து, அங்கேயே பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்லோவில் ஓட்டி வீட்டுக்கு வந்து கழற்றினால் அந்த நிறம் பொய் சொல்லும். பீங்கானின் நுனியை விட்டுவிட்டு, உள்ளே அடியில் இருக்கிற வளையத்தைப் பாருங்கள். மண்ணிறம் நல்லது. வெள்ளை ஆபத்து. வெள்ளிப் புள்ளி தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம், அதற்கு மேல் ஓட்டவேண்டாம்.

நடுத் திரொட்டில் நீடிலின் (காபரேட்டருக்குள் ஏறி இறங்குகிற ஊசி) பாடு. அதிலுள்ள கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாற்றினால் நீடில் உயரும், பெற்றோல் கூடும். ஸ்லோவுக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கிற எயார் ஸ்குரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அதிலிருந்து எஞ்சின் அதிகம் ஏறுகிற இடத்தைத் தேடுங்கள். இரண்டரைச் சுற்றுக்கு மேலே போனால் ஸ்லோவுக்குப் பெற்றோல் தருகிற பைலட் ஜெட் பெரிது; அரைச் சுற்றிலேயே நின்றால் சின்னது.

பழைய ஜெட்டை ஊசியால் குடைந்து பெரிதாக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் இது, கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிற திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் குடைந்த துளைக்கு அளவு கிடையாது, ஓர் அளவு இறங்கவும் முடியாது. நம்பர் போட்ட ஜெட்டே வாங்குங்கள்.

றோட்டில் பார்த்த ஜெட்டோடு மணலில் இறங்கும்போது ஓர் அளவு கூட்டுங்கள். மணல் டயரைப் பிடித்து இழுப்பதால் எஞ்சின் நெடுநேரம் முழுப் பாரத்தில் ஓடும். மார்கழி, தை விடியற்காலைக் குளிரில் காற்று அடர்த்தியாக இருக்கும், மத்தியானம் சரியாக இருந்த ஜெட் அப்போது போதாமல் போகலாம். நுவரெலியாவுக்கு ஏற்றிப்போனால் மறுவளம். 1,800 மீற்றருக்கு மேல் காற்று மெலிது, வண்டி திக்கும், ஜெட்டைக் குறைக்கத்தான் வேண்டும். குறைத்த ஜெட் எது என்று எழுதி ஹாண்டிலில் ஒட்டிவிடுங்கள், யாழ்ப்பாணம் திரும்பியதும் ஸ்டார்ட் பண்ண முன்னரே பெரியதைத் திரும்பப் பூட்டவேண்டும்.