பாதி மறந்த காமிக்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. முதலில் தேடாதீர்கள், எழுதுங்கள். இணையத்தில் நான்கு அட்டைப்படங்களைப் பார்த்துவிட்டால், எது பழைய நினைவு, எது சற்றுமுன் பார்த்தது என்று பிரிக்கவே முடியாது. நான் அப்படித்தான் ஒரு மாதத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

2. எழுதியதில் படம், பெயர், கதை மூன்றையும் தனித்தனியே பிரியுங்கள். மனத்தில் அழுத்தமாக நிற்பது படம்தான். பெயர் எளிதில் ஏமாற்றும்.

என் தாளில் இருந்தவை: மின்சாரப் பெட்டி, அருகே ஆளே இல்லை, அந்தரத்தில் ஒரு பச்சைக் கை. பெயர் 'மாயாவி'.

3. படத்திலேயே மிக விசித்திரமான அம்சத்தைப் பிடியுங்கள். நான் பெயரைப் பிடித்தேன். 1936இல் பிறந்த, மண்டையோட்டு மோதிரம் அணிந்த முகமூடிக்காரர், அதாவது 'ஃபேண்டம்' என்ற காமிக்ஸ் நாயகர், வந்து நின்றார். தமிழில் அவரும் மாயாவிதான்! பெயரை விட்டுவிட்டுக் கையைத் தேடியதும் இரும்புக்கை மாயாவி கிடைத்தார். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறையும், உலோகக் கை மட்டும் தெரியும். மூலம் 1962இல் பிரிட்டனின் 'வாலியண்ட்' வார இதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் க்ளா'. உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. பச்சை நானே பூசியது.

4. மூலப்பெயர் கிடைத்ததும் அதை வைத்துத் தேடுங்கள். தன்னார்வலர்கள் நடத்தும் 'கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்' என்ற இணையதளம் இதற்கு உதவும். ஜப்பானியக் காமிக்ஸ் என்றால் இடது, வலது பற்றிப் பிடிவாதம் வேண்டாம். வலமிருந்து இடமாக வாசிக்கும் பக்கங்களைச் சில மொழிபெயர்ப்புகளில் கண்ணாடிபோல் திருப்பி அச்சிட்டார்கள். வலக்கை வாள்வீரன் இடக்கைக்காரனாகிவிடுவான்.

5. நீங்கள் படித்த ஆண்டு மேல் வரம்பு மட்டுமே. அண்ணன் வைத்திருந்த பழைய புத்தகமாகவும் இருந்திருக்கலாம்.

6. பிறரிடம் கேட்கும்போது உறுதியானது, சந்தேகமானது, ஏற்கெனவே பார்த்து ஒதுக்கியது மூன்றையும் சொல்லுங்கள். கடைசியைச் சொல்லாவிட்டால் எல்லோரும் அதே முகமூடிக்காரரையே கொண்டுவருவார்கள்.

7. அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் நினைவில் உள்ள படக்கட்டம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் கண்டுபிடித்த காமிக்ஸ் பக்கத்தில் கை இருந்தது, மின்சாரப் பெட்டி இல்லை. அது வேறு ஏதோ காமிக்ஸிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்தப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.