மூச்சு வருதே என்று நின்றேன்: சிபிஆர் செய்யும் முறை

போன சித்திரையில் எதிர்சேவை பார்த்துவிட்டு செல்லூர் வீட்டுக்கு வந்த மாமா, கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அத்தை முகத்தில் தண்ணீர் தெளித்தார். நான் "மூச்சு வருது, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஓடிவந்து, "அது மூச்சு இல்ல தம்பி, கீழ இறக்கு" என்று அதட்டியபோதுதான் புரிந்தது. இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவிதான் சிபிஆர்.

1. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை என்றால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், 10 விநாடிக்கு மேல் வேண்டாம். நாடி தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

நான் ஏமாந்தது இங்கேதான். கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறக்கும், 'ஹக்' என்று ஒரு இழுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. கொஞ்சம் கழித்து இன்னொன்று. சிலருக்குக் குறட்டை போலவும் கேட்குமாம். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு இப்படி இழுக்கும். ஆள் அசையவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

2. 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். எங்கள் சந்து எங்கே இருக்கிறது என்று வண்டிக்காரர் தானாகக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

3. தரையில் படுக்க வையுங்கள். இலவம்பஞ்சு மெத்தையில் அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும்.

4. நெஞ்சின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிமேட்டை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. உடம்பு எடையைப் போட்டு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அமுக்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வரவிடுங்கள். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிறையும்.

'நறுக்' என்று சத்தம் வரலாம். நிறுத்தாதீர்கள். மாமாவுக்கு இரண்டு விலா எலும்பு விட்டுப்போனது. இன்றைக்கும் இருமும்போதெல்லாம் என்னை ஒரு முறை முறைப்பார்.

5. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். அதற்கு மேல் கை சோர்ந்து ஆழம் குறைந்துவிடும். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ளும் வரை, அல்லது ஆள் அசையும் வரை தொடருங்கள். ஏஇடி கருவி (நெஞ்சில் மின்அதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்குவது) கிடைத்தால் உடனே சுவிட்சைப் போடுங்கள், என்ன செய்வதென்று அதுவே சொல்லும்.

பழகுவதற்குப் பொம்மை வாங்க வேண்டாம். தரையில் கெட்டியான சோபா மெத்தை, போனில் தாளம் தட்டும் இலவச மெட்ரோனோம் ஆப், வேகம் நிமிடத்துக்கு 110. அது போதும்.

பின்சேர்க்கை: மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கமெண்டில், கிணற்றில் விழுந்தவருக்கும் இதேதானா என்று கேட்டிருந்தார். இல்லை. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும். மூழ்கியவருக்கு முதலில் மூச்சு, பிறகு 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறேன் என்று இறங்காதீர்கள்.

இன்னொருவர், பெண்களுக்கு எப்படிச் செய்வது என்று தயங்கிக் கேட்டார். அதே இடம், அதே ஆழம். சேலை தடுத்தால் விலக்கிவிட்டு அமுக்குங்கள்.