பழைய இம்பாலா எஸ்எஸ் வாங்கப் போகிறீர்களா? பெயின்டைக் கடைசியாகப் பாருங்கள்

புதுப்பித்த 1965 இம்பாலா எஸ்எஸ் (அமெரிக்க ஷெவர்லே காரின் 'சூப்பர் ஸ்போர்ட்' வகை) ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன்பே விற்பவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காத்திருங்கள். தேய்ந்த இன்ஜின் விடும் நீலப் புகை, ஆறிய வண்டியை முதன்முதலாகக் கிளப்பும்போதுதான் நன்றாகத் தெரியும்.

அடுத்தது, அது உண்மையிலேயே எஸ்எஸ்தானா என்பது. 1964 முதல் 1967 வரை எஸ்எஸ் தனி வரிசையாக வந்ததால் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணே அதைச் சொல்லிவிடும். 1965இல் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் உள்ள எஸ்எஸ் என்றால் எண் 166 என்று தொடங்க வேண்டும். 1966, 67இல் 168. 1965 வண்டியின் எண் 164 என்று தொடங்கினால் அது சாதாரண இம்பாலா. பக்கெட் சீட்டும் எஸ்எஸ் எழுத்துகளும் யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கீல் இருக்கும் தூணில் வின் எண் தகடு இருக்கும். ரிவெட் மாறியிருந்தாலோ தகட்டைச் சுற்றிக் கீறல் இருந்தாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணில் கைவைப்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். உங்களுக்கு ஏன் அந்த வம்பு?

இனி துரு. அதிக நேரம் இதற்குத்தான். நான் எப்போதும் டிக்கியிலிருந்து தொடங்குவேன். இந்த வண்டிகளில் பின்கண்ணாடியின் கீழ் விளிம்பில், குரோம் பட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கும். அங்கே தகடு அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக டிக்கிக்குள் இறங்கும். ஆகவே தலையை உள்ளே விட்டு, டார்ச்சை மேல்நோக்கி அடித்து, கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளியே கண்ணாடி போல மின்னும் அதே இடம் உள்ளே பழுப்பாக உரிந்துகொண்டிருக்கலாம். அப்புறம் பாயைத் தூக்குங்கள்; ஸ்பேர் டயர் கிடக்கும் பள்ளத்தையும் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூலைகளையும் விரலால் தடவுங்கள். பின் ஃபெண்டரின் கீழ்ப்பகுதியில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது: 500 மைக்ரானைத் தாண்டினால் நிச்சயம் கேள்வி கேளுங்கள்.

வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. 1964 வரை இருந்த எக்ஸ் வடிவ சேஸிஸ் 1965இல் போய், ஓரமாகச் சுற்றிவரும் ஃபிரேம் வந்தது. பின்சக்கரத்தை ஒட்டிய வளைவில் சேறு தங்கி உள்ளிருந்தே அரிக்கும். அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் (துரு தடுக்கும் பூச்சு) கனமாக அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நல்ல வேலை செய்தவர் அதை மூடி மறைக்க மாட்டார். தகடு வெட்டிப் பற்றவைத்த ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ வைத்திருப்பார். கேளுங்கள்.

'ஒரிஜினல் இன்ஜின்' என்று சொல்லி விலை ஏற்றினால், இன்ஜினின் முன்புறம், பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் சிறிய சமதளத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தொழிற்சாலை எழுத்து, மாதம், தேதி, கடைசியில் இன்ஜின் வகைக் குறியீடு என்று வரிசையாக இருக்கும். டி என்றால் டோனவாண்டா, எஃப் என்றால் ஃபிளின்ட். அந்தத் தேதி வண்டி கட்டிய தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். எழுத்துகளுக்குப் பின்னணியில் முன்னும் பின்னுமாக ஓடும் மெல்லிய இணைகோடுகளும் தெரிய வேண்டும். அவை தேய்க்கப்பட்டு வழுவழுப்பாக இருந்தால் எண்ணைப் புதிதாக அடித்திருக்க வாய்ப்பு உண்டு. 1965 நடுவில் 409 கன அங்குல இன்ஜின் போய் 396 கன அங்குல இன்ஜின் வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, ஓட்டிப் பாருங்கள். பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் இரண்டே கியர்தான், ஒரே ஒரு மாற்றம். அது இழுக்காமல் விழ வேண்டும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1966 வரை பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒற்றைச் சுற்றுதான், ஓரிடத்தில் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். யாராவது இரட்டைச் சுற்றுக்கு மாற்றியிருந்தால் ஒரிஜினல் இல்லையே என்று விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். குடும்பத்தை ஏற்றிப் போகும் வண்டிக்கு அது நல்ல மாற்றம்.

எல்லாம் பிடித்திருந்தால் டைட்டில் பத்திரத்தை (வண்டியின் உரிமைப் பத்திரம்) கையில் வாங்கி, அதிலுள்ள வின் எண்ணை, கதவுத் தூண் தகட்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பத்திரத்தில் விற்பவரின் பெயரே இருக்க வேண்டும். "நண்பர் பெயரில் இருக்கிறது, அப்புறம் மாற்றித் தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணத்தை அவருடைய வங்கியிலேயே உட்கார்ந்து கொடுத்து, கையெழுத்திட்ட பத்திரத்தையும் பில் ஆஃப் சேல் என்னும் விற்பனைச் சீட்டையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.