இத்தாலிய வினைத்திரிபு: 'பர்லாரெ'யை வைத்து முழு அட்டவணை போடுவது எப்படி

ஓர் இத்தாலிய வினைக்கு முழு அட்டவணை போட்டால், கூட்டுக் காலங்களையும் சேர்த்து வடிவங்கள் தொண்ணூறைத் தாண்டும். ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியவை அவற்றில் பாதிகூட இல்லை. மற்றவை ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும். எதிலிருந்து எது பிறக்கிறது என்ற வரிசையில் படித்தால் போதும். பெரும்பாலான பாடநூல்கள் அந்த வரிசையில் தருவதில்லை.

எடுத்துக்காட்டு வினை பர்லாரெ, அதாவது பேசுதல்.

முதலில் எழுத்துமுறை

அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். பார்லொ என்றால் 'பேசுகிறேன்', பர்லோ என்றால் 'பேசினான்/பேசினாள்'. இரண்டுக்கும் வேறுபாடு அழுத்தம் மட்டுமே. இத்தாலிய எழுத்தில் எழுதும்போது, ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள சொல்லில் கடைசி அசையில் அழுத்தம் வந்தால் அங்கே சாய்கோட்டுக் குறி கட்டாயம். அதை விட்டால் பொருள் மாறும் அல்லது பிழையாகும். இரண்டசைச் சொல்லான பர்லோவுக்கும் அதே விதிதான். த்த என்று வரும் இடங்களில் ('இம்பெர்பேத்தொ' தவிர) த ஒற்றையாகவே ஒலிக்கும்; தனித் த எழுதினால் நாம் மென்மையாக வாசித்துவிடுவோம் என்பதற்காக அப்படி. ப்ப வரும் இடத்தில் 'பம்பரம்' என்பதன் இரண்டாவது ப-வின் ஒலியை இரட்டித்துக்கொள்ளுங்கள்.

படி 1: வேரைப் பிரித்து நிகழ்காலம் போடுங்கள்

கடைசி 'ஆரெ'யை வெட்டினால் மிஞ்சுவது வேர். அதில் ஈறுகளை ஒட்டினால்:

பார்லொ, பார்லி, பார்ல, பர்லியாமொ, பர்லாத்தெ, பார்லனொ.

வரிசை: நான், நீ, அவன்/அவள், நாம், நீங்கள், அவர்கள். தமிழைப் போலவே ஈறே ஆளைக் காட்டிவிடுவதால் 'ஈஒ', 'தூ' என்று எழுவாய் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஈஒ' போட்டால் 'நான்தான், நான்தான்' என்று வலியுறுத்துவதுபோல் கேட்கும்.

ஆறாவது வடிவத்தைக் கவனியுங்கள்: பார்லனொ. அழுத்தம் முதல் அசையில். முந்தைய இரண்டில் அழுத்தம் ஈற்றுக்கு நகர்ந்ததால், அதே தாளத்தில் 'பர்லானொ' என்று சொல்லிவிடத் தோன்றும். விதி எளிது: 'அவர்கள்' வடிவத்தில் அழுத்தம் 'அவன்' வடிவத்தில் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். பார்ல, பார்லனொ. பர்லாவ, பர்லாவனொ. எதிர்காலத்திலும், படி 3-இல் வரும் இறந்தகாலமான பஸ்ஸாத்தொ ரெமோத்தொவிலும் 'அவன்' வடிவத்தில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் இந்த ஒப்பீடு அங்கே உதவாது.

தமிழர்கள் வழுக்கும் இடம் ஒன்று. மரியாதைக்கு நாம் பன்மையைப் பிடிப்போம். இத்தாலியர்கள் 'லேஇ' என்று சொல்லிப் படர்க்கை ஒருமையைப் பிடிக்கிறார்கள். வங்கி அதிகாரியிடம் கேட்பது 'லேஇ பார்ல இங்லேஸெ?' என்றுதான், 'பர்லாத்தெ' என்றல்ல. (1938ல் முசோலினி ஆட்சி லேஇயை விலக்கி 'வோஇ'யை (நீங்கள்) திணித்தது, அந்த ஆட்சியோடு அந்த ஆணையும் போயிற்று. தெற்கில், குறிப்பாக நேப்பிள்ஸ் பக்கம், மரியாதைக்கு வோஇ சொல்லும் பழைய வழக்கம் இன்னும் உண்டு. நீங்கள் லேஇயோடு நில்லுங்கள்.)

படி 2: இம்பெர்பேத்தொ

'பேசிக்கொண்டிருந்தேன், பேசுவது வழக்கம்' என்ற பொருள். பர்லாவொ, பர்லாவி, பர்லாவ, பர்லவாமொ, பர்லவாத்தெ, பர்லாவனொ. மொழியிலேயே மிக ஒழுங்கான காலம் இது. வேகமாகக் கடந்து போகலாம்.

படி 3: பஸ்ஸாத்தொ ரெமோத்தொ

பர்லாஇ, பர்லாஸ்தி, பர்லோ, பர்லாம்மொ, பர்லாஸ்தெ, பர்லாரொனொ.

வட இத்தாலியில் பேச்சில் இது அநேகமாக இல்லை; கதை, வரலாறு, செய்தி என எழுத்தில்தான் பார்ப்பீர்கள். சிசிலியில் அன்றாடப் பேச்சிலேயே கேட்கலாம். இதைத் தள்ளிவைக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. காரணம் அடுத்த படியில் இருக்கிறது. இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இதில் 'நாம்' வடிவத்துக்கு எப்போதும் இரட்டை ம்.

படி 4: எதிர்காலமும் நிபந்தனையும் (இங்கே நிதானமாக)

இரண்டையும் ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

எதிர்காலம்: பர்லெரோ, பர்லெராஇ, பர்லெரா, பர்லெரேமொ, பர்லெரேத்தெ, பர்லெரான்னொ.

கொந்தித்ஸியொனாலெ: பர்லெரேஇ, பர்லெரேஸ்தி, பர்லெரேப்பெ, பர்லெரேம்மொ, பர்லெரேஸ்தெ, பர்லெரேப்பெரொ.

முதல் சிக்கல்: 'பர்லரோ' அல்ல, 'பர்லெரோ'. 'ஆரெ' வினைகளில் மட்டும் அந்த அ எ ஆகிவிடும். புளோரன்ஸ் வட்டார வழக்கில் அழுத்தமில்லாத 'அர்' 'எர்' ஆனது. நாட்டுக்குப் பொதுமொழி அந்த வழக்கிலிருந்து வந்ததால் இதுவும் கூடவே வந்தது. 'ஈரெ' வினைகளில் மாற்றம் கிடையாது: தொர்மீரெ (தூங்குதல்), தொர்மிரோ.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. பர்லெரேமொ என்றால் 'பேசுவோம்'. பர்லெரேம்மொ என்றால் '(முடிந்தால்) பேசுவோம்' என்ற நிபந்தனைப் பொருள். ஒரு ம் கூடினால் வாக்குறுதி விருப்பமாகிவிடும். இதை வெறுமனே உருப்போட்டால் பரீட்சை நாளில் கட்டாயம் குழம்பும். காரணம் தெரிந்தால் குழம்பாது.

எதிர்காலம் பிறந்தது, வினைப்பெயரோடு 'அவேரெ' (உடைத்தாயிருத்தல்) என்ற வினையின் நிகழ்காலத்தை ஒட்டியதில். அவேரெயின் நிகழ்காலம்: ஓ, ஆஇ, ஆ, அப்பியாமொ, அவேத்தெ, ஆன்னொ. இப்போது மேலே உள்ள எதிர்கால ஈறுகளைப் பாருங்கள்: ஓ, ஆஇ, ஆ, ஏமொ, ஏத்தெ, ஆன்னொ. 'நாம்' தவிர மற்றவை (அவேத்தெயின் தலை மட்டும் போய்) அப்படியே தெரிகின்றன.

கொந்தித்ஸியொனாலெ பிறந்தது அதே அவேரெயின் பஸ்ஸாத்தொ ரெமோத்தொவை ஒட்டியதில்: ஏப்பி, அவேஸ்தி, ஏப்பெ, அவேம்மொ, அவேஸ்தெ, ஏப்பெரொ. தலையை வெட்டினால் ஏஸ்தி, ஏப்பெ, ஏம்மொ, ஏஸ்தெ, ஏப்பெரொ. 'நான்' மட்டும் தேய்ந்து ஏஇ ஆனது. ரெமோத்தொவில் 'நாம்' எப்போதும் இரட்டை ம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். அவேம்மொ உள்ளே ஒளிந்திருக்கிறது. அதனால் பர்லெரேம்மொவில் இரட்டை ம்.

காதால் பிரித்தறிவது நமக்குக் கடினமில்லை. படம், பட்டம் என்று ஒற்றையும் இரட்டிப்பும் பொருள் மாற்றும் மொழி நம்முடையது. ம்-மில் நன்றாக நின்று அழுத்திச் சொல்லுங்கள். அதன் முன் உள்ள ஏ சற்றுக் குறுகும்.

படி 5: கொன்ஜுன்தீவொ

ஐயம், விருப்பம், கற்பனை போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம் இது. நிகழ்காலத்தில் உயிரைத் திருப்பிப் போடுவதுதான் வேலை. 'ஆரெ' வினையில் 'அவன்' வடிவம் அ-வில் முடியும். கொன்ஜுன்தீவொவில் இ ஆகும். 'எரெ', 'ஈரெ' வினைகளில் எ-வில் முடியும். இங்கே அ ஆகும். பார்ல, பார்லி. க்ரேதெ, க்ரேத. தோர்மெ, தோர்ம.

முழுமையாக: பார்லி, பார்லி, பார்லி, பர்லியாமொ, பர்லியாத்தெ, பார்லினொ.

ஒருமை மூன்றும் ஒன்றே என்பதால், யார் என்று தெளிவாகாத இடத்தில் மட்டும் எழுவாயைச் சொல்லுங்கள்: 'கெ தூ பார்லி'.

இறந்தகாலம்: பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸெ, பர்லாஸ்ஸிமொ, பர்லாஸ்தெ, பர்லாஸ்ஸெரொ. 'நாம்', 'அவர்கள்' இரண்டிலும் அழுத்தம் 'லாஸ்'ஸில்தான். பர்லாஸ்தெ ரெமோத்தொவிலும் இருந்தது. சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

இதன் முக்கியப் பயன் 'ஆல்' வாக்கியம்: 'ஸெ பர்லாஸ்ஸி இத்தாலியானொ, லவொரெரேஇ அ தொரீனொ' (இத்தாலியன் பேசத் தெரிந்தால் துரினில் வேலை பார்ப்பேன்). 'ஸெ'க்குப் பின் கொன்ஜுன்தீவொ, மறுபாதியில் கொந்தித்ஸியொனாலெ. 'ஸெ பர்லெரேஇ' என்று தொடங்கினால் பிழை. இத்தாலியக் குழந்தைகளையே பள்ளியில் இதற்குத் திருத்துவார்கள்.

படி 6: கூட்டுக் காலங்கள்

புதிதாக எதுவும் இல்லை. அவேரெயின் வடிவத்தை எடுத்துப் 'பர்லாத்தொ' சேருங்கள். ஓ பர்லாத்தொ: பேசினேன், பேசியிருக்கிறேன். அவேவொ பர்லாத்தொ: பேசியிருந்தேன். அவ்ரோ பர்லாத்தொ: பேசியிருப்பேன். அவ்ரேஇ, ஆப்பிய, அவேஸ்ஸி ஆகியவற்றோடும் அப்படியே. இயக்கத்தைக் குறிக்கும் பல வினைகள் அவேரெக்குப் பதில் ஏஸ்ஸெரெ (இருத்தல்) கேட்கும். அப்போது ஈறு எழுவாயின் பாலோடும் எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும். அவன் வந்தான்: எ அர்ரிவாத்தொ. அவள் வந்தாள்: எ அர்ரிவாத்த.

படி 7: ஏவல்

நீ: பார்ல! மரியாதைக்கு: பார்லி! (கொன்ஜுன்தீவொவிலிருந்து கடன்.) நாம்: பர்லியாமொ! பலரிடம்: பர்லாத்தெ! ஒருவனைத் தடுக்கும்போது மட்டும் வினைப்பெயரே வரும்: 'நொன் பர்லாரெ!'

எதை வைத்துப் பயிற்சி செய்வது

கோடு போட்ட தாளைக் கிடைமட்டமாக வைத்து ஆறு வரி, ஏழு பத்தி போடுங்கள். பத்திகளின் வரிசை: நிகழ்காலம், கொன்ஜுன்தீவொ நிகழ்காலம், இம்பெர்பேத்தொ, கொன்ஜுன்தீவொ இறந்தகாலம், ரெமோத்தொ, எதிர்காலம், கொந்தித்ஸியொனாலெ. வேரை ஒரு மையிலும் ஈற்றை இன்னொரு மையிலும் எழுதுங்கள். அங்கி (Anki) போன்ற அட்டைச் செயலி நல்லதுதான், ஆனால் முழு அட்டவணையை ஒரே அட்டையில் ஏற்றாதீர்கள். முன்பக்கம் 'நாம் பேசுவோம்', பின்பக்கம் ஒரே ஒரு வடிவம். சரிபார்க்க, அழுத்தக் குறியிட்ட அட்டவணை தரும் அகராதியைத் தேர்ந்தெடுங்கள்; ஆங்கில விக்சனரியின் இத்தாலிய அட்டவணைகளில் அது இருக்கிறது.

பின்சேர்க்கை: 'ஒழுங்கான வினைதானே, ஏன் வேறு மாதிரி வருகிறது?'

பின்னூட்டங்களில் இந்தக் கேள்வி மூன்று வினைகளைப் பற்றி வந்தது.

ஃபினீரெ (முடித்தல்): ஃபினீஸ்கொ, ஃபினீஷ்ஷி, ஃபினீஷ்ஷெ, ஃபினியாமொ, ஃபினீத்தெ, ஃபினீஸ்கொனொ. பல 'ஈரெ' வினைகள் அழுத்தம் வேரில் விழ வேண்டிய நான்கு வடிவங்களில் 'இஸ்க்' நுழைத்துக்கொள்ளும். நாம், நீங்கள் இரண்டிலும் அது வராது. ஒரே எழுத்துக்கூட்டு இ, எ-வுக்கு முன் ஷ்ஷ என்றும், ஒ, அ-வுக்கு முன் ஸ்க என்றும் ஒலிக்கும்.

பகாரெ (பணம் கொடுத்தல்): க ஒலி மாறாமல் காக்க, இ, எ-வுக்கு முன் ஹெச் எழுத்தைச் சேர்க்க வேண்டும். பாகி, பகியாமொ, பகெரோ மூன்றிலும் ஹெச் உண்டு, பாகொவில் இல்லை.

மஞ்ஜாரெ (சாப்பிடுதல்): எழுத்தில் வேரின் கடைசியில் ஓர் இ இருக்கிறது. அது ஜ ஒலிக்காக மட்டும் நிற்பது. ஈறு இ-யில் தொடங்கினால் இரண்டு இ எழுதாதீர்கள், ஒன்றே போதும். எதிர்காலத்தில் எ-வுக்கு முன் அதை விட்டுவிடுங்கள்: மஞ்ஜெரோ.