ஆசிரியர் சான்றிதழ் மறுக்கப்பட்டதா? அமெரிக்காவில் மேல்முறையீடு செய்வோர் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஆசிரியர் சான்றிதழ் தருவது மாநில அரசுகள்தான். டெக்சாஸில் ஒரு வாரியம், கலிஃபோர்னியாவில் ஓர் ஆணையம், வாஷிங்டன் மாநிலத்தில் பொதுக் கல்விக் கண்காணிப்பாளர் அலுவலகம் என்று அமைப்பும் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் மறுப்புக் கடிதம் வந்ததும் விண்ணப்பித்தவர்கள் செய்யும் தவறுகளில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இந்தியாவில் பி.எட். முடித்துவிட்டு அங்கே போய் விண்ணப்பிக்கும் நம்மவர்கள் கூடுதலாக ஒன்றிரண்டு தவறும் செய்கிறார்கள்.

முதல் தவறு, வந்திருப்பது என்ன கடிதம் என்று பார்க்காமலேயே பதற்றப்படுவது. "உங்கள் விண்ணப்பத்தில் இன்னின்ன ஆவணம் குறைகிறது" என்று வருவது மறுப்பு அல்ல. அதற்கு மேல்முறையீடும் கிடையாது, கேட்டதை அனுப்பினால் போதும். உண்மையான மறுப்பில் "மறுக்கப்படுகிறது" என்ற சொல் இருக்கும், எந்த விதிப்படி என்று எண்ணோடு இருக்கும், எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்றும் இருக்கும். இந்த மூன்றையும் தேடிப் படியுங்கள்.

மறுப்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று தகுதிக் குறைவு: பட்டம் போதாது, தேர்வு எழுதவில்லை, பயிற்சி வகுப்பு நேரம் குறைகிறது. மற்றொன்று நடத்தை: பழைய வழக்கு, முந்தைய பள்ளியில் ஒழுங்கு நடவடிக்கை, விண்ணப்பத்தில் தவறான பதில். முதல் வகைக்கு உருக்கமாகக் கடிதம் எழுதுவதும், இரண்டாவது வகைக்கு இன்னொரு மதிப்பெண் பட்டியலை அனுப்புவதும் ஒன்றுக்கும் உதவாது. இந்தக் குழப்பத்தில்தான் பலருடைய கெடு கழிந்துபோகிறது.

நாள் கணக்கு

பல மாநிலங்களில் கெடு 30 நாள். ஆனால் எந்த நாளிலிருந்து 30? கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளா, அவர்கள் தபாலில் போட்ட நாளா? தபாலில் போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்றால், வீடு மாறி, பழைய முகவரிக்குப் போன கடிதம் சுற்றி வந்து சேரும்போது பாதி நாள் போயிருக்கும். முடிவிலும் இதே சிக்கல்தான்: முறையீடு கடைசி நாளுக்குள் அவர்கள் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டுமா, அன்று தபாலில் போட்டால் போதுமா? கடிதத்திலோ அதில் சொல்லியிருக்கும் விதியிலோ இதற்கு விடை இருக்கும். சந்தேகமாக இருந்தால் இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட அதிகம் பேர் விழும் குழி ஒன்று உண்டு. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் ஊழியரிடம் போனில் பேசுவார்கள். அவரும் அன்பாக, "அந்த ஆவணத்தை அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்பார். இவர்கள் நம்பிக் காத்திருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை, பார்க்கவும் செய்வார். ஆனால் அந்தப் பேச்சு கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தாது. முறையீட்டை எழுத்தில் பதிவுசெய்துவிட்டு, அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். முதலில் அனுப்பும் மனு பக்கம் பக்கமாக இருக்கவும் தேவையில்லை. மறுப்பை எதிர்க்கிறேன், விசாரணை கோருகிறேன், மறுப்புக்குச் சொன்ன இன்ன காரணத்தை ஏற்கவில்லை என்று இருந்தாலே பெரும்பாலும் உரிமை காப்பாற்றப்பட்டுவிடும்.

நிரூபிக்க வேண்டியது யார்?

நடத்தை காரணமாக மறுக்கப்பட்டவர்களில் பலர், "என் மேல் குற்றம் சொல்பவர்கள்தானே நிரூபிக்க வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு விசாரணைக்கு வெறுங்கையோடு போகிறார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் அது சரி. இங்கே பெரும்பாலும் நேர்மாறு. ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவரிடமிருந்து அதைப் பறிக்க வேண்டுமானால் மாநிலம் நிரூபிக்க வேண்டும். புதிதாகக் கேட்பவர் என்றால், தான் தகுதியானவர் என்று அவரே நிரூபிக்க வேண்டும். வாஷிங்டன் மாநில விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. நன்னடத்தை இல்லை என்று மறுக்கப்பட்டவர் தன் நன்னடத்தையைத் தெளிவான, ஐயம் தீர்க்கும் சான்றுகளால் காட்ட வேண்டும். வேறு காரணத்துக்காக மறுக்கப்பட்டவருக்கு அளவுகோல் தளர்வானது, தராசு அவர் பக்கம் சற்றே சாய்ந்தால் போதும். மறுப்பு எந்த வகை என்று முதலில் பாருங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எதைக் காட்டுவது? இதற்கு நல்ல வழிகாட்டி கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1969-ல் மாரிசன் என்ற ஆசிரியரின் வழக்கில் தந்த தீர்ப்பு. ஒருவரின் தனிப்பட்ட செயல் ஒழுக்கக்கேடு என்று தோன்றுவது மட்டும் போதாது, அது அவரை ஆசிரியர் பணிக்குத் தகுதியற்றவராக ஆக்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பார்க்க வேண்டியவற்றையும் வரிசைப்படுத்தியது: மாணவர்களுக்கோ சக ஆசிரியர்களுக்கோ கேடு நேர வாய்ப்பு உண்டா, எவ்வளவு கேடு, நடந்து எத்தனை காலமாயிற்று, கேட்பது எந்த வகைச் சான்றிதழ், குற்றத்தைக் குறைத்தோ கூட்டியோ காட்டும் சூழ்நிலை இருந்ததா, நோக்கம் என்ன, மறுபடி நடக்குமா. அந்த மாநிலத்தின் விதிகளிலேயே இவை இப்போது இடம்பெற்றுவிட்டன. வேறு மாநிலத்தில் இருந்தாலும், உங்கள் சான்றுகளை அடுக்கிப் பார்க்க இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

இதை வைத்துப் பார்த்தால் வழக்கமான நற்சான்றுக் கடிதங்கள் ஏன் எடுபடுவதில்லை என்று புரியும். "இவர் அன்பானவர், கடின உழைப்பாளி" என்று பத்துப் பேர் எழுதித் தருவார்கள். நடந்த சம்பவம் அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. விசாரிப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "இது உங்களுக்குத் தெரியுமா?" என்பதாக இருக்கும். விவரம் முழுக்கத் தெரிந்தும், "அதற்குப் பிறகு இத்தனை ஆண்டு இவரோடு வேலை பார்த்தேன், குழந்தைகளை இவரை நம்பி விட்டேன்" என்று சொல்லும் ஒரே ஒரு பள்ளி முதல்வரின் சாட்சியம் அந்தப் பத்துக் கடிதத்துக்கும் மேல். சிகிச்சை, ஆலோசனை, அபராதம் கட்டியது, நீதிமன்றம் விதித்த நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம் முடிந்தது எல்லாவற்றுக்கும் தேதியிட்ட தாள் வேண்டும்.

மறைத்தால் வரும் வினை

விண்ணப்பத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, தண்டிக்கப்பட்டீர்களா, எங்காவது உரிமம் மறுக்கப்பட்டதா" என்று கேள்விகள் இருக்கும். வழக்கு முடிந்துவிட்டது, வக்கீலே ஒன்றுமில்லை என்றார், அதனால் "இல்லை" என்று குறித்துவிட்டேன் என்பார்கள். கைரேகை எஃப்.பி.ஐ. வரை போகிறது என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. கலிஃபோர்னியாவில், நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம் முடிந்தபின் தீர்ப்பைத் தள்ளுபடி செய்து நீதிமன்றம் உத்தரவு தந்தாலும், மாநில உரிம விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டப்பிரிவிலேயே இருக்கிறது. பழைய சம்பவம் சின்னதாக இருக்கலாம், ஆனால் பொய்யான பதில் இன்று புதிதாகச் செய்த குற்றம். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கடைத் திருட்டை மன்னிக்கும் வாரியம்கூட, போன மாதம் சொன்ன பொய்யை அவ்வளவு எளிதில் மன்னிக்காது. கேள்வியின் வாசகத்தை எழுத்தெண்ணிப் படியுங்கள். "கைது" என்று கேட்பதும் "தண்டனை" என்று கேட்பதும் ஒன்றல்ல.

"இந்த மாநிலம் இல்லாவிட்டால் அடுத்த மாநிலம்" என்பதும் இதே இனம்தான். மாநிலங்களின் ஆசிரியர் உரிம அமைப்புகள் சேர்ந்து நாஸ்டெக் என்ற சங்கம் வைத்திருக்கின்றன. மறுப்பு, இடைநீக்கம், ரத்து போன்றவை அதன் பொதுத் தகவல் தொகுப்பில் ஏறுகின்றன, மற்ற மாநிலங்கள் அதைப் பார்க்கின்றன. முறையிடாமல் விட்ட மறுப்பு அங்கே இறுதி முடிவாகவே நிற்கும். விசாரணை நடக்கும்போது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் தப்பிக்கலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. அதையும் தனிக் கேள்வியாகக் கேட்கும் படிவங்கள் உண்டு.

பட்டமும் பி.எட்.டும்

தகுதிக் குறைவு என்று மறுக்கப்படும் நம்மவர்களில் பெரும்பாலோரின் சிக்கல், பட்டத்தை அமெரிக்கக் கணக்கில் மதிப்பிட்ட அறிக்கை. மூன்றாண்டு இளங்கலையை எல்லா மதிப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. ஒன்று முழுப் பட்டம் என்று எழுதும், இன்னொன்று மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்று நிறுத்திக்கொள்ளும். பி.எட். தனியாக மதிப்பிடப்படாமல் விடுபட்டிருக்கும். அல்லது, பாடவாரி அறிக்கை கேட்ட இடத்துக்கு மொத்த அறிக்கை போயிருக்கும். மறுத்த அலுவலகத்துக்கே அதே தாளைத் திரும்ப அனுப்பி முறையிடுவதில் பயனில்லை. மாநிலம் ஏற்கும் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்து, பி.எட்.டையும் கற்பித்தல் பயிற்சியையும் சேர்த்துப் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்குங்கள். பல நேரம் அதன் பிறகு முறையீடே தேவைப்படாது, புது விண்ணப்பமே வேகமாக முடியும். பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியல் உறைக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதை முதல் நாளே தொடங்க வேண்டும்.

முறையீட்டால் முடியாததும் உண்டு. விசாரணை அதிகாரி விதியை உங்களுக்குப் பொருத்தத்தான் முடியும், விதியையே மாற்ற முடியாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க விரும்பாத வெளிநாட்டினருக்கு ஆசிரியர் சான்றிதழ் தர மறுத்த நியூயார்க் சட்டத்தை எதிர்த்து இருவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1979-ல் அம்பாக் எதிர் நார்விக் வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டமே செல்லும் என்று தீர்ப்பானது. விதி தவறாகப் பொருத்தப்பட்டது என்றால் முறையீடு. விதியே தவறு என்றால் அது வேறு வழக்கு, வேறு செலவு.

விசாரணையில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள்

சில மாநிலங்களில் முதலில் அலுவலக மட்டத்தில் முறைசாரா மறுபரிசீலனை, அதன் பிறகே முறையான விசாரணை. டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற இடங்களில் நிர்வாகச் சட்ட நீதிபதி (அரசு அமைப்புகளின் முடிவுகள் மீதான முறையீடுகளை விசாரிப்பவர், வழக்கமான நீதிமன்ற நீதிபதி அல்ல) விசாரித்து முன்மொழிவு எழுதுவார், இறுதி முடிவு வாரியத்துடையதோ ஆணையத்துடையதோ. இந்தப் படிகளை ஏறி முடிக்காமல் நேரே நீதிமன்றம் போனால், "முதலில் அங்கே போய்விட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படிகளை முடித்துப் போனாலும், நீதிமன்றம் பெரும்பாலும் விசாரணையில் பதிவான சான்றுகளை மட்டுமே பார்க்கும். "நல்ல சாட்சியை அப்புறம் காட்டலாம்" என்று ஒதுக்கி வைத்தால் அந்த அப்புறம் வராது. வக்கீல் வைப்பதானால் விசாரணைக்கு முன்பே வையுங்கள், தோற்ற பிறகு அவரால் செய்ய முடிவது குறைவு. ஆங்கிலத்தில் குறுக்கு விசாரணைக்குத் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

முறையீடு நடக்கும் காலத்தில் சான்றிதழ் கையில் இருக்காது. அது தேவைப்படும் வகுப்பில் "வழக்கு நடக்கிறதே" என்று பாடம் எடுத்தால், அதுவே அடுத்த மறுப்புக்குக் காரணமாகலாம். இறுதி உத்தரவு எதிராக வந்தால் நீதிமன்றத்துக்குத் தனிக் கெடு ஓடத் தொடங்கும். வாஷிங்டனில் அது 30 நாள். டெக்சாஸில் அதற்கு முன்பே மறுவிசாரணை மனு போட்டிருக்க வேண்டும், போடாவிட்டால் நீதிமன்றக் கதவு திறக்காது. உத்தரவு வந்த அன்றே அதன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள், மீண்டும் எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதும் சில உத்தரவுகளில் அங்கேதான் இருக்கும்.