'பிப் இன்ஸ்டால்' திடீரென மறுக்கிறதா? படிப்படியாகச் சரிசெய்வோம்

லினக்ஸில் உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியவர்கள், டெபியன் 12-ஐ நிறுவியவர்கள், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் புக்வெர்ம் பதிப்பைப் போட்டவர்கள் என எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவிதான் பிப். பழைய பதிப்பில் சத்தமில்லாமல் ஓடிய 'பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்', புதிய பதிப்பில் 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று தொடங்கும் நீளமான பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. உங்கள் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பிப்பின் இயல்பான நடத்தை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கீழே கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

என்ன மாறியது, ஏன்?

உபுண்டு, டெபியன் போன்றவற்றில் பைத்தான் உங்களுக்காக மட்டும் இருப்பதில்லை. புதிய ரெப்பாசிட்டரியைச் சேர்க்கும் 'ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி', ஃபயர்வால் அமைக்கும் 'யூஎஃப்டபிள்யூ', தானாகப் பாதுகாப்பு அப்டேட் போடும் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' எல்லாமே பைத்தானில் எழுதப்பட்டவை. இவற்றுக்கு வேண்டிய நூலகங்களை, இயங்குதளத்தின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் '/யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ்' என்ற இடத்தில் வைக்கிறது.

முன்பு நீங்கள் நிர்வாகி உரிமையோடு, அதாவது 'சூடோ பிப் இன்ஸ்டால்' என்று கொடுத்தால், அது '/யூஎஸ்ஆர்/லோக்கல்' பக்கம் போய் இறங்கும். சூடோ இல்லாமல் கொடுத்தால், உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் '.லோக்கல்' என்ற மறைவு ஃபோல்டருக்குப் போகும். சிக்கல் இதில்தான். பைத்தான் ஒரு நூலகத்தைத் தேடும்போது இந்த இரண்டு இடங்களையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் ஆப்ட் வைத்த இடத்துக்கு வரும். நீங்கள் ஏதோ ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டுக்காகப் போட்ட புதிய பதிப்பை, இயங்குதளத்தின் கருவியும் எடுத்துக்கொள்ளும். பழைய பதிப்பை நம்பி எழுதப்பட்ட அந்தக் கருவி ஒரு நாள் விழுந்துவிடும். அதற்கும் நீங்கள் எப்போதோ போட்ட பிப் கட்டளைக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

இதைத் தடுக்கத்தான் 2021-இல் 'பெப் 668' என்ற முன்மொழிவு எழுதப்பட்டது. 2023 ஜனவரியில் வந்த பிப் 23.0 அதைச் செயல்படுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 23.04-உம், ஜூனில் வந்த டெபியன் 12-உம் இதை இயல்பு நிலையாக்கின. ஏற்பாடு எளிமையானது. பைத்தானின் நிலையான நூலக ஃபோல்டரில் 'எக்ஸ்டெர்னலி-மேனேஜ்ட்' என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும். அந்தக் கோப்பு இருந்து, நீங்கள் தனிச் சூழலுக்குள் (படி 3-இல் வரும் வென்வ்) இல்லாமலும் இருந்தால் பிப் மறுத்துவிடும். ஹோம் ஃபோல்டருக்குள் மட்டும் நிறுவச் சொல்லும் '--யூசர்' சேர்த்தாலும் மறுக்கும்.

படி 1: பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள்

சும்மா சொல்லவில்லை. இவ்வளவு உதவியான பிழைச் செய்திகள் மென்பொருள் உலகில் அரிது. ஆப்ட், வென்வ், பைப்எக்ஸ் என்ற மூன்று வழிகளையும் அதுவே சொல்கிறது. அதன் கடைசியில் தடையை மீறும் ஒரு வழியும் இருக்கிறது. பலர் அதை மட்டும் காப்பி செய்து ஒட்டிக்கொள்கிறார்கள். அதைப் பற்றிக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

இங்கே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த பேக்கேஜ் யாருக்கு? இயங்குதளத்தோடு சேர்ந்து இருக்க வேண்டியதா, உங்கள் ஒரு புராஜெக்ட்டுக்கா, அல்லது டெர்மினலில் கூப்பிடும் ஒரு கருவியா? அதைப் பொறுத்து அடுத்த மூன்று படிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆப்ட்டிலேயே கிடைக்கிறதா என்று பாருங்கள்

பெயருக்கு முன்னால் 'பைத்தான்3-' சேர்த்துக்கொள்ளுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-ரிக்வெஸ்ட்ஸ்

சில பெயர்கள் ஏமாற்றும். பியூட்டிஃபுல்சூப்4 என்று தேடினால் கிடைக்காது, 'பைத்தான்3-பிஎஸ்4' என்று தேட வேண்டும். பில்லோவுக்கு 'பைத்தான்3-பிஐஎல்'. சந்தேகம் இருந்தால் 'ஆப்ட் சர்ச்' போட்டுப் பாருங்கள். பதிப்பு கொஞ்சம் பழையதாக இருக்கும். அது பரவாயில்லை என்றால் இதுதான் தலைவலி குறைந்த வழி.

படி 3: புராஜெக்ட் என்றால் வென்வ்

பெரும்பாலானோருக்குத் தேவை இதுதான். வென்வ் என்பது ஒரு புராஜெக்ட்டுக்கு மட்டுமான தனி பைத்தான் சூழல். டெபியனிலும் உபுண்டுவிலும் அதைத் தனியாக நிறுவ வேண்டும். இல்லையென்றால் 'என்ஷ்யூர்பிப் இல்லை' என்று இன்னொரு பிழை வந்து குழப்பும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்

பிறகு உங்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய்:

பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்
சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்
பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்

இரண்டாவது வரிக்குப் பிறகு டெர்மினல் வரியின் தொடக்கத்தில் '(.வென்வ்)' என்று தெரியும். தெரிந்தால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். வெளியே வர 'டிஆக்டிவேட்'.

இதில் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது சூடோவில். வென்வுக்குள் இருக்கும்போது 'சூடோ பிப் இன்ஸ்டால்' கொடுத்தால், சூடோ உங்கள் பாத்தை (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலை) மதிக்காது. இயங்குதளத்தின் பிப்பைத்தான் கூப்பிடும், அதே பழைய பிழை வரும். வென்வ் உங்கள் சொந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதற்கு சூடோவே தேவையில்லை.

குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கிரானில் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு ஆக்டிவேட் செய்ய வேண்டியதில்லை. '.வென்வ்/பின்/பைத்தான்' என்பதன் முழுப் பாதையைக் கொடுத்தால் போதும், தன் நூலகங்களை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அப்புறம், இந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்'டிலும் சேர்க்காதீர்கள். உள்ளே முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாகப் பட்டியலை மட்டும் சேமித்து வையுங்கள்:

பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி

படி 4: கருவி என்றால் பைப்எக்ஸ்

வீடியோ இறக்கும் ஒய்டி-டிஎல்பி, நிரலை ஒழுங்குபடுத்தும் பிளாக் போன்றவை நூலகங்களாக வேண்டியதில்லை, கட்டளையாக ஓடினால் போதும். ஒவ்வொன்றுக்கும் பைப்எக்ஸ் தானே ஒரு தனி வென்வ் அமைத்து, கட்டளையை மட்டும் வெளியே காட்டும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைப்எக்ஸ்
பைப்எக்ஸ் என்ஷ்யூர்பாத்
பைப்எக்ஸ் இன்ஸ்டால் பிளாக்

'என்ஷ்யூர்பாத்' கொடுத்த பிறகு டெர்மினலை மூடித் திறங்கள்.

படி 5: இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு பழையதைச் சுத்தம் செய்யுங்கள்

22.04-இல் பைத்தான் 3.10, 24.04-இல் 3.12. மேம்படுத்திய பிறகு பழைய வென்வைத் திறந்தால், நேற்று ஓடிய நூலகம்கூட 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லும். உள்ளிருக்கும் இணைப்பு இப்போது 3.12-ஐக் காட்டுகிறது, நூலகங்களோ 3.10 என்ற ஃபோல்டரில் கிடக்கின்றன. பழுது பார்க்க முயலாதீர்கள். வென்வை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கி, 'பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி' கொடுங்கள்.

பட்டியலைச் சேமித்து வைக்கவில்லையா? அழிக்கும் முன் '.வென்வ்/லிப்/பைத்தான்3.10/சைட்-பேக்கேஜஸ்' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 'டிஸ்ட்-இன்ஃபோ' என்று முடியும் ஃபோல்டர்களின் பெயரிலேயே பேக்கேஜும் பதிப்பு எண்ணும் இருக்கும். அதை வைத்துப் பட்டியலைத் திரும்ப எழுதிவிடலாம்.

பைப்எக்ஸ் கருவிகளுக்கு 'பைப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்' போதும். ஹோம் ஃபோல்டரின் '.லோக்கல்/லிப்' உள்ளே பழைய 'பைத்தான்3.10' ஃபோல்டர் இருந்தால், அதைப் புதிய பைத்தான் தொடாது. தேவையானவை எவை என்று பார்த்துக்கொண்டு அழித்துவிடலாம்.

படி 6: தடையை மீறுவது பற்றி

பிப் 23.0.1-இல் '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற ஒரு தெரிவு சேர்ந்தது. வேண்டுமென்றே பயமுறுத்தும் பெயர். வேலை முடிந்ததும் தூக்கி எறியப்போகும் டாக்கர் கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனியாக ஓடும் சூழல்) இதைப் பயன்படுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் வேலை செய்யும் கணினியில் வேண்டாம்.

அந்த 'எக்ஸ்டெர்னலி-மேனேஜ்ட்' அடையாளக் கோப்பையே அழித்துவிடுங்கள் என்றும் சிலர் ஆலோசனை சொல்வார்கள். இது இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கும் எச்சரிக்கை போய்விடும். தவிர, அந்தக் கோப்பு ஆப்ட் நிர்வகிக்கும் பைத்தான் பேக்கேஜைச் சேர்ந்தது, அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்துவிடும். பிழையும் கூடவே வரும்.

நான் இதற்கு நேர் எதிராக, தடையை இன்னும் இறுக்கி வைத்திருக்கிறேன்:

பிப் கான்ஃபிக் செட் குளோபல்.ரிக்வயர்-வர்ச்சுவல்என்வ் ட்ரூ

இதைக் கொடுத்துவிட்டால், வென்வுக்கு வெளியே பிப் எதையும் நிறுவாது. அடையாளக் கோப்பு இல்லாத பழைய உபுண்டுவிலும் இது வேலை செய்யும்.